ரேடியோ செட்டுக்கு எந்த ஃபைல்? டவுன்லோடு காலத்து ஹிட் பாட்டுகள் ஓர் ஒப்பீடு

ரிசப்ஷனுக்கு இளவட்டங்கள் நீட்டும் பட்டியலில் 2005-க்கும் 2013-க்கும் இடைப்பட்ட ஆங்கில ஹிட் நாலைந்தாவது இருக்கும். அமெரிக்காவின் ஹிட் பாட்டு வரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியல் 2005 பிப்ரவரியில் டவுன்லோடு விற்பனையையும், 2013 பிப்ரவரியில் யூடியூப் பார்வையையும் கணக்கில் சேர்த்தது. இடையில் அந்த எட்டு வருடம் பாட்டை மேலே தூக்கியதில் ஃபைல் விற்பனைக்குப் பெரிய பங்கு. பிரிட்டனில் 2006 ஏப்ரலில் ஒரு பாட்டு, கடைக்கு சிடி வருவதற்கு முன்பே டவுன்லோடிலேயே முதலிடம் போனது. அதனால்தான் ஒரே பாட்டுக்கு இத்தனை விதமான ஃபைல்கள் சுற்றுகின்றன. மதுரைப் பக்கம் ரேடியோ செட், அதாவது விழாவுக்குக் குழாயும் ஆம்ப்ளிஃபயரும், கட்டுகிறவருக்கு எது தோது?

முதலில், கடையில் மெமரி கார்டில் ஏற்றித் தந்த 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3. நாலு நிமிடப் பாட்டு 4 எம்பிக்குள் அடங்கும். உரிமம் இல்லாத நகல் என்பது ஒரு குறை. காதுக்குத் தெரியும் குறை, மேல் ஸ்தாயியில் சிம்பலும் கைத்தட்டலும் தண்ணீருக்குள் ஒலிப்பதுபோல் சளசளப்பது. தெருவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் இது தெரியாது. ஏழெட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் குழாயே வேகமாகச் சரிந்துவிடும். மண்டபத்தில் பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்தால் முதல் வரிசைக்கே தெரியும். இதைவிட மோசம், 128-ஐத் திரும்ப மாற்றி ‘320’ என்று பெயர் போட்ட ஃபைல். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, டிராக் பெயர் அருகிலுள்ள மெனுவில் ஸ்பெக்ட்ரோகிராம் என்ற அலைவரிசைப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டினதுபோல் நின்றால் போலி என்றே எடுத்துக்கொள்ளலாம். நல்ல 320 கிட்டத்தட்ட 20 வரை ஏறும்.

அடுத்தது விலை கொடுத்து வாங்கிய ஏஏசி, எம்பி3 போல இன்னொரு சுருக்க வடிவம். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரலில் தொடங்கியபோது விற்றது 128 கேபிபிஎஸ், அதுவும் வேறு கருவியில் ஓடாதபடி பூட்டுப் போட்டது. பூட்டில்லாத 256 வந்தது 2007-ல். 2009-ல்தான் கடை முழுக்கப் பூட்டு போனது. எனவே வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் தரும் பழைய லேப்டாப்பில் .எம்4பி என்று முடியும் ஃபைல் இருந்தால் அது ஆம்ப்ளிஃபயரில் ஓடாது. .எம்4ஏ என்றிருந்தால் பூட்டில்லை, ஆனாலும் ஆம்ப்ளிஃபயரில் பென்டிரைவ் சொருகும் மலிவான யூஎஸ்பி போர்டு பல ஏஏசியைப் படிக்காது. ஆடாசிட்டியில் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைச் சேர்த்துத் திறந்து, ஒலியை 2 டெசிபல் இறக்கி, 320 எம்பி3-ஆக ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். இறக்காமல் மாற்றினால் உச்சங்கள் வெட்டுப்பட்டு உரசல் வரலாம். அந்தக் காலத்து ஹிட் எல்லாம் ஏற்கெனவே விளிம்புவரை ஏற்றிப் பதிந்தவை.

வாங்கும்போது பாடகர் பெயரைப் பாருங்கள். அதே தலைப்பில் வேறு குழு பாடிய நகல்களும் கடையில் உண்டு. ‘E’ என்ற ஆங்கில எழுத்துச் சின்னம் இருந்தால் கெட்ட வார்த்தை உள்ளது. பெரியவர்கள் உட்காரும் இடத்துக்கு ‘கிளீன்’ பதிப்பே சரி.

ஒரிஜினல் சிடியிலிருந்து எடுத்த வேவ் ஃபைல் பாட்டுக்கு 42 எம்பி. தரம் முதல்தரம். ஆனால் இந்த வகைப் பாட்டுக்கு 256-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை, ஜெனரேட்டர் ஓடும் மண்டபத்தில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஸ்ட்ரீமிங் ஆப்பை மேடைக்கு நம்பவே வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வைகைக் கரையில் நெட் திணறும். ஆப்புக்குள் டவுன்லோடு செய்ததைப் பென்டிரைவுக்கு மாற்றவும் முடியாது. போன் வந்தால் ரிங் குழாயில் போகும். சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான்.

எந்த ஃபைல் எடுத்தாலும் குழாயின் பின்னால் ஒலி எழுப்பும் யூனிட்டைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. 2009-ல் பிளாக் ஐட் பீஸ் குழுவின் இரண்டு பாட்டுகள் அடுத்தடுத்து 26 வாரம் ஹாட் 100-ன் முதலிடத்தில் நின்றன. அந்த ரகப் பாட்டில் அடி விழுந்தபின் இறக்கமே கிடையாது. எண்பதுகளின் பாட்டில் தவில் ஓங்கி விழும், உடனே அடங்கும், யூனிட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் (coil) ஆறும். இதில் ஆறுவதற்கு இடைவெளி இல்லை. அதே வால்யூமில் விட்டால் காயில் சூடேறி, பசை இளகி, அதோடு ஒட்டிய மெல்லிய தகடான டயாபிரம் கரகரக்கும். அடி பேஸ் வேறு, குழாயை ஒயரோடு இணைக்கும் லைன் டிரான்ஸ்பார்மரைத் திணறடிக்கும். குழாய்க்கு பேஸ் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்பிவிடுங்கள். பழைய பாட்டும் புதுப் பாட்டும் கலந்து ஓட்டுவதென்றால் எம்பி3கெயின் என்ற மென்பொருளில் 89 டெசிபலுக்கு எல்லாவற்றையும் சமப்படுத்துங்கள். அது 1.5 டெசிபல் படிகளில் அளவை மட்டும் மாற்றும், ஒலியைத் திரும்பச் சுருக்காது.

ஆக, மண்டபத்துக்கு வாங்கிய 256-ஐ மாற்றிய 320. வெறும் குழாய்க்குச் சமப்படுத்திய எம்பி3 எதுவும் போதும், வாங்கினதாக இருந்தால் நல்லது.

பென்டிரைவ் 32 ஜிபிக்கு மிகாமல், ஃபேட்32-வில் ஃபார்மேட் செய்யுங்கள். போர்டு பெரும்பாலும் பெயர் வரிசையில் ஓட்டாது, காப்பி செய்த வரிசையில்தான் ஓட்டும், ஒவ்வொன்றாகப் போடுங்கள். பாட்டோடு ஒட்டிய அட்டைப்படம் பெரிதாக இருந்தால் போர்டு சில விநாடி முழிக்கும், நீக்கிவிடுங்கள். இன்னொரு பென்டிரைவில் அதே வரிசையை ஏற்றி ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலேயே வைத்திருங்கள்.