ஹொக்கி ‘ஆலோசகரிடம்’ கையெழுத்துப் போடுமுன் படியுங்கள்: நாங்கள் இழந்த 45,700 டொலரும் மகனின் இரண்டு வருடங்களும்

போன சனிக்கிழமை காலை ஏழு மணி. ரொறன்ரோவுக்கு அருகே மார்க்கம் நகரில் ஓர் ஐஸ் அரங்கின் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று சின்னப் பிள்ளைகளின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுப்பவன் என் மகன். பக்கத்தில் நின்ற ஒரு தம்பி பேச்சுக் கொடுத்தார். அவருடைய மூத்த மகனுக்குப் பதினைந்து வயது, நன்றாக ஆடுகிறவனாம். “ஓர் ஆலோசகர் கிடைத்திருக்கிறார் அண்ணா. தொழில்முறை லீக் வரைக்கும் வழி தெரிந்தவர். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டோம்” என்றார். யார் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரைக் கேட்டதும் என் கை நடுங்கிவிட்டது.

அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஆளை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள், ஏனென்றால் இப்படிப்பட்டவர் ஒருவர் மட்டும் அல்லர்.

என் மகன் 2004 நவம்பரில் பிறந்தவன். ஸ்காபரோவில் ஆறு வயதில் ஸ்கேட்ஸ் கட்டினான். பின்களத்தில் ஆடினான். பதினைந்து வயதில் உயர்மட்ட அணி ஒன்றில் இருந்தான். ஒன்ராறியோவில் அந்த வயதுதான் முதல் பெரிய வாசல். ஓ.எச்.எல். என்ற ஒன்ராறியோ ஹொக்கி லீக் அந்த வயதுப் பிள்ளைகளைத்தான் தன் தெரிவில் அழைக்கும், அணிகள் சுற்றுச் சுற்றாகப் பெயர்களை எடுக்கும். 2020 ஏப்ரலில் நடந்த தெரிவில் பதின்மூன்றாம் சுற்றில் அவன் பெயர் வந்தது. மொத்தமே பதினைந்து சுற்றுகள்தான். கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடுவதில்லை என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் அயல் வீடுகளுக்கெல்லாம் கேக் கொடுத்தோம்.

பிறகு கொரோனா. 2020–21 பருவம் முழுவதையும் ஓ.எச்.எல். ரத்துச் செய்தது. பதினாறு வயதுப் பிள்ளை ஒரு வருடம் முழுக்க ஆட்டமே இல்லாமல் வீட்டு வாகனத் தரிப்பிடத்தில் வலையைக் கட்டிவைத்துப் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். கதவு திறந்தால் தூக்கத்திலும் அந்தத் தட் தட் சத்தம் கேட்கும். அவன் பின்தங்கிப் போகிறானோ என்ற பயம் எங்கள் நெஞ்சைத் தின்றுகொண்டிருந்த அந்த மாதங்களில்தான் ஆலோசகர் வந்தார்.

அவர் தமிழர் அல்லர். ஆனால் அவரை எங்களிடம் அழைத்து வந்தவர் தமிழர், அதுவும் நாங்கள் மதிக்கும் குடும்பத்து ஆள். ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் இரண்டு மணி நேரம் பேசினார். மகனின் சறுக்கலைப் பற்றி, இடது பக்கம் திரும்பும்போது அவன் தோள் விழுவதைப் பற்றி, எங்களுக்கே தெரியாத விஷயங்களைச் சொன்னார். ஆட்டம் தெரிந்தவர்தான், அதை மறுக்க மாட்டேன். வருடத்துக்கு 4,500 டொலர் கட்டணம். ஒப்பந்தம் இரண்டே பக்கம். என்ன சேவை என்பதற்கு “வாழ்க்கைப் பாதை வழிகாட்டல்” என்ற பொருளில் ஒரே வரி. நான் கணக்கு வேலை பார்க்கிறவன், அலுவலகத்தில் இப்படி ஒரு தாள் வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

முதல் அடி 2021 செப்டெம்பரில் விழுந்தது. மகனை எடுத்த ஓ.எச்.எல். அணி பயிற்சி முகாமுக்கு அழைத்தது. முகாமின் முடிவில் இரண்டு முன்னோட்ட ஆட்டங்கள். அமெரிக்கக் கல்லூரி ஹொக்கியும் மகனின் கனவில் இருந்தது. அந்தக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய விதிப்படி ஓ.எச்.எல். போன்ற பெரும் ஜூனியர் லீக்குகள் தொழில்முறை லீக்குகளாகக் கருதப்பட்டன. அங்கே முன்னோட்ட ஆட்டம் ஆடினாலே கல்லூரி ஹொக்கிக்கான தகுதி பறிபோகும் ஆபத்து இருந்தது. ஹொக்கிக் குடும்பங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம் இது. எங்களுக்குத் தெரியாது, தெரிந்துவைத்திருக்கத்தான் ஆலோசகருக்குப் பணம் கொடுத்தோம். “ஆடட்டும், ஒன்றும் ஆகாது” என்றார். இரண்டு ஆட்டமும் ஆடினான். மூன்றாம் நாள் அணி அவனை வீட்டுக்கு அனுப்பியது. ஒரே வாரத்தில் இரண்டு கதவுகள் மூடின. ஒன்று மூடியது மட்டுமே எங்களுக்கு அன்று தெரியும்.

அதன்பிறகு எங்களை ஒரு சின்ன ஊர் அணியிடம் அனுப்பினார். ஓ.எச்.எல்.லுக்கு அடுத்த கீழ்ப்படியான “ஜூனியர் ஏ” என்ற பெயர் அதற்கு இருந்தது. ஆனால் அது நாட்டின் ஹொக்கியை நிர்வகிக்கும் ஹொக்கி கனடாவின் அங்கீகாரத்துக்கு வெளியே நடக்கும் லீக். பருவத்துக்கு 13,000 டொலர் அணிக்குக் கட்ட வேண்டும். அவன் தங்கியிருந்த வீட்டாருக்கு மாதம் 500. ஓ.எச்.எல். அணியில் இடம் பிடித்த பிள்ளைக்குத் தங்குமிடத்தையும் மட்டை முதலான உபகரணங்களையும் அணியே பார்த்துக்கொள்ளும். ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் படிப்புதவியும் சேரும். அங்கீகாரமுள்ள ஜூனியர் ஏ அணிகளில் சிலவும் கட்டணம் வாங்குகின்றன, அதை வைத்து மட்டும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ‘இதுவும் அதே உயரம்தான்’ என்று சொல்லிப் பணம் கேட்கிறவரை அந்த இடத்திலேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

டிசம்பரில் அங்கீகாரமுள்ள ஓர் அணியின் பயிற்றுநர் எங்களை அழைத்தார். அவருடைய பின்கள வீரர் ஒருவருக்குக் கால் முறிந்திருந்தது, இடம் இருந்தது. எங்கே ஆடுகிறான் என்று கேட்டார், சொன்னேன். ஒரு நிமிடம் பேசவில்லை. “அந்த லீக்கில் ஆடியிருக்கிறான் என்றால் இந்தப் பருவம் முடியும்வரை என்னால் எடுக்க முடியாது. உங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லையா?” என்றார். ஆலோசகரை அழைத்தேன். அந்தப் பயிற்றுநர் பொறாமையில் பேசுகிறார் என்றார்.

நானும் நம்பினேன். மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய் வாரந்தோறும் ஆட்டம் பார்த்தோம். பார்வையாளர் வரிசையில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், எல்லோரும் தாய் தகப்பன்மார். மேல் வரிசையில் கறுப்புக் கோட்டோடு தனியே உட்கார்ந்திருந்த ஒருவரை ஆலோசகர் ஒரு நாள் கண்ணால் காட்டினார். “என்.எச்.எல். அணி ஒன்றுக்கு ஆட்டக்காரரைத் தேடுபவர். பக்கத்தில் போகாதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது” என்றார். என்.எச்.எல். என்றால் வட அமெரிக்க ஹொக்கியின் உச்ச லீக். என் மனைவி முருகனை வேண்டிக்கொண்டே ஆட்டம் பார்த்தார். இரண்டாம் இடைவேளையில் தேநீர் வாங்கும் வரிசையில் அந்த மனிதர் எனக்கு முன்னால் நின்றார். மனம் கேட்கவில்லை. எந்த அணிக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “எதிரணியில் பதினேழாம் இலக்கம் என் அக்கா மகன். அவனைக் கூட்டிக்கொண்டு போக வந்தேன்” என்றார். தேநீரோடு திரும்பி வந்தேன். மனைவியிடம் அன்று சொல்லவில்லை.

அப்படியிருந்தும் இரண்டாம் வருடம் ஏன் பணம் கட்டினீர்கள் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணமான ஒன்றைத்தான் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் எங்களிடம் சொன்னது பொய் இல்லை. பாதி உண்மை.

என்.எச்.எல். அணி ஒன்று பதினெட்டு வயதில் ஓ.எச்.எல். வீரனைத் தெரிவுசெய்தால், அவனை அதற்கு அடுத்த கீழ்மட்டத் தொழில்முறை லீக்கான ஏ.எச்.எல்.லுக்கு நினைத்தபடி அனுப்ப முடியாது. கனடிய ஜூனியர் லீக்குகளோடு அன்று இருந்த உடன்படிக்கையின்படி, அந்த வருட முடிவில் இருபது வயது நிறையும்வரை, அல்லது நான்கு பருவங்கள் ஜூனியரில் முடிக்கும்வரை, ஒன்று என்.எச்.எல்.லில் ஆட வேண்டும், இல்லையேல் ஜூனியருக்கே திரும்ப வேண்டும். நடுவில் படி கிடையாது. ஷேன் ரைட்டைப் பாருங்கள். பதினைந்து வயதிலேயே விதிவிலக்குப் பெற்று ஓ.எச்.எல்.லில் ஆடியவர், 2022இல் சியாட்டில் அணி நான்காவதாகத் தெரிவுசெய்தவர். அந்தப் பருவத்தில் என்.எச்.எல்.லில் எட்டே ஆட்டங்கள். உடல்தயார்நிலைக்கென்று ஏ.எச்.எல்.லில் சில நாட்கள். பிறகு உலக ஜூனியர் போட்டி. அது முடிந்ததும் மீண்டும் ஓ.எச்.எல். பெரியவர்களுக்குச் சின்னவர், சின்னவர்களுக்குப் பெரியவர் என்று அந்த வயதுப் பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொள்வது உண்மைதான். எத்தனையோ அணி நிர்வாகிகள் பல வருடங்களாகக் குறைப்பட்ட விஷயம் அது.

அந்த உண்மையை எடுத்து ஆலோசகர் எங்களிடம் விற்றார். “பார்த்தீர்களா? அவ்வளவு பெரிய ஆட்டக்காரனே கட்டுண்டு கிடக்கிறான். உங்கள் மகன் ஓ.எச்.எல்.லில் இல்லை. அவனை எந்த உடன்படிக்கையும் கட்டாது. பதினெட்டு வயதிலேயே ஏ.எச்.எல்.லுக்குப் போகலாம். அதுதான் அவனுடைய பலம்” என்றார். விதியில் தடை இல்லை என்பது சரி. ஆனால் தடை இல்லாததும் அழைப்பு இருப்பதும் ஒன்றா? உலகம் முழுவதிலுமிருந்து இருபது, இருபத்தைந்து வயது ஆண்கள் போட்டியிடும் லீக் அது. அணிக்குப் பணம் கட்டி ஆடும் பதினெட்டு வயதுப் பையனை அங்கே எவரும் தேடி வருவதில்லை. அந்த ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் பருவத்துக்கு அணிக்கு 13,500 டொலரைக் கட்டினேன்.

2023 ஜூனில் நாஷ்வில்லில் என்.எச்.எல். தெரிவு நடந்தது. ஏழு சுற்று, 224 பெயர்கள். “பட்டியல்களில் இருக்கிறான்” என்று சொல்லியிருந்ததால் இரண்டு நாளும் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். கடைசிப் பெயர் வாசிக்கப்பட்ட பிறகு மகன் எழுந்து போய்க் காரைக் கழுவத் தொடங்கினான். கழுவிய காரையே மறுபடியும் கழுவினான்.

அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது. ஏ.எச்.எல்.லுக்கும் கீழ்ப்படியான ஈ.சி.எச்.எல். அணி ஒன்றின் கோடை முகாமுக்கு “சிறப்பு அழைப்பு” வாங்கித் தந்ததாகச் சொல்லி 3,200 டொலர் வாங்கினார். பதிவு மேசையில் மகனுக்கு முன்னால் நின்ற பையன் தன் அலைபேசியைக் காட்டினான். இணையத்தில் படிவம் நிரப்பி, கடன் அட்டையில் சில நூறு டொலர் கட்டி வந்திருக்கிறான். யார் வேண்டுமானாலும் பதிவு செய்யக்கூடிய திறந்த முகாம் அது. மகன் அங்கிருந்து அழைத்து ஒரே வாக்கியம்தான் சொன்னான்: “அப்பா, இவர்களுக்கு அவரைத் தெரியவே தெரியாது.”

கணக்கு இது. ஆலோசகருக்கு 9,000. அணிக்கு 26,500. தங்குமிடத்துக்கு 7,000. முகாமுக்கு 3,200. மொத்தம் 45,700 டொலர். பெட்ரோலையும் மனைவி இரவு வேலைக்குப் போனதையும் சேர்க்கவில்லை.

பின்னாளில் விசாரித்தபோது தெரிந்தவற்றைச் சொல்கிறேன். என்.எச்.எல். ஒப்பந்தம் பேசும் முகவர்களுக்கு வீரர் சங்கமே சான்றிதழ் கொடுக்கிறது. எவர் பெயர் அதில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் ஆளின் பெயர் இல்லை. நல்ல பெயருள்ள முகவர்கள் பொதுவாகப் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையின் வீட்டில் பணம் வாங்குவதில்லை. பிள்ளை தொழில்முறை ஒப்பந்தம் போட்ட பிறகு அதில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வழியை முன்கூட்டி விற்பவருக்குப் பிள்ளை எங்கே போய்ச் சேர்ந்தாலும் நட்டமில்லை.

வழக்கறிஞரிடம் போனது 2025 இலையுதிர் காலத்தில். வெட்கம்தான் தாமதத்துக்குக் காரணம். ஊரார் காதுக்குப் போய்விடும் என்று பயந்தோம். ஒன்ராறியோவில் இப்படியான வழக்குக்குப் பொதுவான காலவரம்பு, ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம். எங்களுக்கு அது கடந்துவிட்டது. அவர் இன்னொன்றும் சொன்னார், அதைக் கேட்டபோதுதான் நான் அழுதேன். மாகாண நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விளையாட்டு போன்றவற்றுக்கு முன்பணம் வாங்கும் சேவைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறதாம். அதில் அடங்கும் ஒப்பந்தமாக இருந்தால், எழுத்துப் பிரதி கைக்கு வந்த பத்து நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் விதிகள் மாறிக்கொண்டிருப்பதுதான். 2025 ஆகஸ்டிலிருந்து ஓ.எச்.எல். வீரர்களும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடலாம். என் மகனுக்கு மூடிய அதே கதவு. அந்தக் கோடையில் என்.எச்.எல்.லும் வீரர் சங்கமும் எட்டிய புதிய உடன்பாட்டில், 2026–27 முதல் ஒவ்வோர் அணியும் ஒரு பத்தொன்பது வயது ஜூனியர் வீரனை ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப வழிசெய்யும் ஏற்பாடும் உண்டு. கவனியுங்கள், அணிக்கு ஒருவர். முப்பத்திரண்டு அணிகள். அதுவும் அவர்கள் ஏற்கெனவே தெரிவுசெய்த பிள்ளைகள். ஆனால் “ஏ.எச்.எல். கதவு திறந்துவிட்டது” என்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இப்போதே பேசித் திரிகிறார்கள். சனிக்கிழமை அந்தத் தம்பி என்னிடம் சொன்னதும் இதே வாக்கியம்தான்.

நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. பயிற்சி முடிந்து மட்டையும் பையுமாக வெளியே வந்த மகன் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றான். அவரைப் பார்த்து, “மாமா, பிரதி எப்போது கைக்கு வந்தது?” என்று மட்டும் கேட்டான். திங்கட்கிழமை என்றார். மகன் விரல்விட்டு எண்ணினான். ஐந்து நாள் போயிருந்தது.

அரங்கின் சிற்றுண்டி மேசையிலேயே உட்கார்ந்து விலகல் கடிதத்தை எழுதினோம், நான் சொல்லச் சொல்ல மகன் எழுதினான். அங்கிருந்து நேரே மருந்துக்கடைக்குள் இருக்கும் தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தோம். தம்பி ரசீதைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டு, அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.