போட்டவர் பக்கமா, பட்டவர் பக்கமா: அணுகுண்டுப் படங்கள் ஓர் ஒப்பீடு

அணுகுண்டுப் படம் எதையும் எடைபோட ஒரு குறுக்குவழி உண்டு. கேமரா எந்த ஊரில் நிற்கிறது, கதை எந்தத் தேதியோடு நின்றுவிடுகிறது என்று பாருங்கள். குண்டு செய்த ஊரில் நிற்கிற படத்துக்கு 'போட்டிருக்கலாமா?' என்பதுதான் கேள்வி. குண்டு விழுந்த ஊரில் நிற்கிற படத்துக்கு 'பிழைத்தவரை யார் ஏற்றுக்கொள்வது?' என்பது கேள்வி. நம் விவாதங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. பாதி வழக்குதான் விசாரணைக்கே வருகிறது.

'ஓப்பன்ஹைமர்' எதிர் 'கருமழை'

கிறிஸ்டோபர் நோலனின் 'ஓப்பன்ஹைமர்' (2023, 180 நிமிடம்), குண்டைச் செய்த அமெரிக்க விஞ்ஞானிகளுக்குத் தலைமை தாங்கியவரின் கதை. அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்த 1954 விசாரணையையும் தாண்டிப் போகிறது. ஆனால் ஹிரோஷிமாவுக்குள் ஒரு முறைகூடக் காலடி வைப்பதில்லை. அதன் பலம் கமிட்டி அறை. எந்த நகரத்தைக் கொளுத்துவது என்று பட்டியல் போடும்போது போர்ச் செயலர் ஸ்டிம்சன் கியோட்டோவை அடித்துவிடுகிறார். தேனிலவுக்குப் போன ஊர் என்கிறார். அந்த வசனம் அரங்கையே உறைய வைத்தது. ஆனால் ஸ்டிம்சனுக்குத் திருமணம் நடந்தது 1893இல், அவர் கியோட்டோவைப் பார்த்தது 1926இல். தேனிலவுக்கு ஆதாரம் இல்லை. அந்த ஊரை அழித்தால் ஜப்பானியர் அமெரிக்காவை மன்னிக்கவே மாட்டார்கள், சோவியத் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்ற அரசியல் கணக்குதான் அவர் எழுதிவைத்தது. அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு: கியோட்டோ தப்பிய பிறகு ஜூலைக் கடைசியில் பட்டியலில் ஏறிய ஊர் நாகசாகி. ஓர் ஊரைக் காப்பாற்றியவரின் கருணை இன்னோர் ஊரின் தலையில் விடிந்தது. அந்தப் பாதியைப் படம் சொல்வதில்லை.

என் கணக்கில் படத்தின் மிகக் கூர்மையான இடம் வேறு. குண்டு செய்த ஆய்வுக்கூடம் இருந்த லாஸ் அலமோஸில் அதைப் பெட்டியில் ஏற்றுகிறார்கள். அதிக உயரத்தில் வெடிக்கவிட்டால் தாக்கம் குறையும் என்று ஓப்பன்ஹைமர் சொல்லத் தொடங்குகிறார். இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ராணுவ அதிகாரி மரியாதையாக வெட்டிவிடுகிறார். உயரம் சும்மா ஓர் எண் அல்ல. தரையில் வெடித்தால் ஆற்றலில் பெரும்பங்கு பள்ளம் தோண்டுவதில் போய்விடும். சரியான உயரத்தில் வெடித்தால் அதிர்வலை தரையில் பட்டுத் திரும்பி, வரும் அலையோடு சேர்ந்து, வீடுகள் விழும் பரப்பை அகலமாக்கும். ஹிரோஷிமாவில் சுமார் 15 கிலோடன் (15 ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம்) குண்டு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது அதற்காகத்தான். கடைசி நிமிடம் வரை அந்த மனிதர் கவலைப்படுவது வேலை சுத்தமாக நடக்க வேண்டும் என்பதற்காக. பின்னால் வருகிற குற்றவுணர்வுக் காட்சிகள் எல்லாவற்றையும்விட இந்தச் சில நொடிகள் அவரை நன்றாகக் காட்டிக்கொடுக்கின்றன.

ஜப்பானியர் முகமே படத்தில் இல்லை என்ற புகார் நியாயமா? ஒரே ஆளின் கண்ணால் சொல்லும் படம், அவர் பார்க்காததைக் காட்டவில்லை என்று வாதாடலாம். ஹிரோஷிமா ஸ்லைடு போடும்போதும் கேமரா அவர் முகத்தில்தான் நிற்கிறது, அவர் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார். இதை ஒத்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ள முடியாதது நியூ மெக்சிகோ. 1945 ஜூலை 16இல் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தது அங்கேதான், படத்தில் அது ஆளில்லாப் பாலைவனம் போலத் தெரிகிறது. உண்மையில் சுமார் 20 கிலோமீட்டரிலேயே குடியிருப்புகள் இருந்தன. கதிர்வீச்சுத் தூசி ஊர்ப்பக்கம் போனால் ஆட்களை ஏற்றிப்போக ராணுவம் வண்டிகளோடு ஆயத்தமாக நின்றது, ஆனால் யாரையும் ஏற்றவில்லை. அந்த மக்கள் 1990இன் இழப்பீட்டுச் சட்டத்தில் விடுபட்டு, 2025இல்தான் சேர்க்கப்பட்டார்கள். இது ஓப்பன்ஹைமர் கண்முன் இருந்த விஷயம். (நம் நாட்டில் சண்டை முழுக்க கீதை வரி வந்த படுக்கையறைக் காட்சியைச் சுற்றியே நடந்து ஓய்ந்தது வேறு கதை.)

ஷோஹெய் இமாமுராவின் 'கருமழை' (1989, கருப்பு வெள்ளை, 123 நிமிடம்) நேர் எதிர்த்திசை. 'பிளாக் ரெயின்' என்ற ஆங்கிலப் பெயரில் தேடினால் அதே ஆண்டு அதே பெயரில் வந்த ரிட்லி ஸ்காட்டின் போலீஸ் படம் முன்னால் வந்து நிற்கும். இயக்குநர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். மசுஜி இபுசே நாவலைத் தழுவிய இதில் குண்டு தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. மீதிக் கதை ஐந்தாண்டு கழித்து ஒரு கிராமத்தில், வரன் தேடுவதில் நடக்கிறது. யசுகோ குண்டு வெடித்தபோது ஊருக்குள் இல்லை. படகில் வரும் வழியில் அவள்மேல் கருமழை, அதாவது குண்டின் கதிரியக்கக் கரி கலந்த மழை, விழுந்தது, பிறகு எரிகிற நகரத்தின் நடுவே நடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்கள். மாமா டாக்டர் சான்றிதழ் வாங்குகிறார், அவளுடைய நாட்குறிப்பைப் படியெடுக்கிறார். அவள் நலமாக இருக்கிறாள் என்று நிரூபிக்கத் தேடுகிற ஒவ்வொரு காகிதமும் சந்தேகத்தை வளர்க்கிறது. பெண் பார்க்கும் படலம் தெரிந்த நமக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. குண்டு போட்டது அமெரிக்கா. பெண்ணை ஒதுக்குவது சொந்த ஊர். இரண்டாவது குற்றத்துக்கு எந்த கமிட்டியும் கூடவில்லை.

கருமழை யார் மேல் விழுந்தது என்ற கேள்வி சினிமாவோடு முடியவில்லை. அரசு வரைந்த எல்லைக்கு வெளியே நனைந்த 84 பேரை, பாதிக்கப்பட்டோர் என ஏற்க வேண்டும் என்று ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில்தான் சொன்னது. குண்டு விழுந்து 76 ஆண்டுக்குப் பிறகு!

'கருமழை'யின் குறை, ஜப்பான் ஏன் போரில் இருந்தது என்பதை ஓரமாகவே தொடுவது. போரில் மனம் உடைந்து, எஞ்சின் சத்தம் கேட்டாலே பாய்கிற இளைஞன் ஒருவன் வருகிறான், அவ்வளவுதான். சீனாவும் கொரியாவும் இல்லை. அந்த இடத்தை நிரப்புவது 'பேர்ஃபுட் கென்' (1983) என்ற அனிமேஷன் படம். ஆறு வயதில் குண்டுக்குத் தப்பிய கெய்ஜி நகசாவாவின் காமிக்ஸ் கதை அது. அப்பா போரை வெளிப்படையாக எதிர்க்கிறவர். அனிமேஷன்தானே என்று குழந்தைகளை உட்காரவைத்துவிடாதீர்கள். உருகும் உடல்களையும், இடிந்த வீட்டுக்குள் சிக்கிய குடும்பம் எரிவதையும் அது எதையும் குறைக்காமல் காட்டும்.

அரசு கைவைத்தால் என்ன ஆகும்

குண்டு உருவான கதையை ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனம் எடுத்த 'த பிகினிங் ஆர் த எண்ட்' (1947) பார்க்கத் தக்கது, கெட்ட உதாரணமாக. வெள்ளை மாளிகைக்குப் பிடிக்காததால் அதிபர் ட்ரூமன் குண்டு போட முடிவெடுக்கும் காட்சி மாற்றி எடுக்கப்பட்டது, ட்ரூமனாக நடித்தவரும் மாற்றப்பட்டார். ஹிரோஷிமா மக்களுக்குப் பல நாள் முன்பே துண்டுப் பிரசுரம் போட்டு எச்சரித்ததாக ஒரு வசனம் வருகிறது. அணுகுண்டு பற்றி அந்த ஊருக்கு அப்படி எந்த எச்சரிக்கையும் தரப்படவில்லை. ஒரே வசனத்தில் பழி செத்தவர்மேல் போய்விழுகிறது.

ஜப்பானிலோ தடை வேறு வடிவில் இருந்தது. அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கை 1952 ஏப்ரலில் விலகிய பிறகுதான் கனேடோ ஷிண்டோவின் 'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' அதே ஆண்டு வந்தது. அது மென்மையாகிவிட்டது என்று பண உதவி செய்த ஆசிரியர் சங்கமே குறைப்பட்டு, அடுத்த ஆண்டு ஹிதெயோ செகிகாவாவை வைத்து 'ஹிரோஷிமா' எடுக்க வைத்தது. ஊர் மக்கள் பல்லாயிரம் பேர் கூட்டக் காட்சிகளில் நடித்தார்கள்.

1964இன் இரட்டையர்

'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' ஜனவரியில், 'ஃபெயில் சேஃப்' அக்டோபரில். இரண்டையும் வெளியிட்டது ஹாலிவுட்டின் கொலம்பியா நிறுவனம். இரண்டிலும் அமெரிக்க அணுகுண்டு விமானங்கள் அதிபர் உத்தரவில்லாமலே ரஷ்யாவை நோக்கிப் பறக்கின்றன, திருப்பி அழைக்க முடியவில்லை. முன்னது நகைச்சுவை, பின்னது இசையே இல்லாத இறுக்கம்.

எது நடக்கக்கூடியது? ஸ்ட்ரேஞ்ச்லவ்வில் ஒரு ஜெனரல் அதிபரைக் கேட்காமல் தாக்க உத்தரவிடுகிறார். இது கேலிக்காகச் சொன்னது என்றுதான் அன்று நினைத்தார்கள். ஆனால் நெருக்கடியில் அதிபரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் குறிப்பிட்ட தளபதிகளே அணு ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்று 1950களின் அதிபர் ஐசன்ஹோவர் முன்கூட்டியே அதிகாரம் கொடுத்திருந்தது பின்னாளில் ஆவணங்களில் வெளிவந்தது. ஃபெயில் சேஃபில் ஒரு மின்னணுப் பாகம் பழுதாகித் தாக்குதல் சமிக்ஞை தானாகப் போய்விடுகிறது. இது குறைவாகவே நம்பத்தக்கது, ஏனென்றால் உண்மையான நடைமுறையில் தெளிவான உத்தரவு வராவிட்டால் விமானம் திரும்பிவிட வேண்டும். ஆனாலும் 1980 ஜூனில் 46 சென்ட் பெறுமான ஒரு சில்லு பழுதாகி, சோவியத் ஏவுகணைகள் வருவதாக அமெரிக்கத் திரைகளில் எண்கள் ஓடின. படத்தை முழுக்க ஒதுக்கிவிட முடியாது.

அறம் என்று வந்தால் ஃபெயில் சேஃப் கனமானது. விமானி கர்னல் கிரேடியிடம் அதிபரே பேசுகிறார், அவர் கேட்பதில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் கெஞ்ச வைக்கிறார்கள், அதற்கும் திரும்புவதில்லை. எதிரி குரலை நகல் செய்வான், எதையும் நம்பாதே என்று பயிற்சி கொடுத்தது அவர்கள்தானே! ஒழுங்காகப் பயிற்சி பெற்றதுதான் அவர் செய்த ஒரே பிழை. மாஸ்கோ அழிகிறது. முழுப் போரைத் தடுக்க அதிபர் தன் கையாலேயே நியூயார்க்கைப் பலிகொடுக்கிறார், மனைவி அங்கே இருப்பது தெரிந்தும். பார்வையாளர் பலர் இதைத் தியாகம் என்று கண்கலங்குகிறார்கள். எனக்கு இங்கேதான் இடிக்கிறது. செத்துப்போகிற நியூயார்க்வாசி யாரிடமும் யாரும் கேட்கவில்லை. ஸ்டிம்சன் கியோட்டோவை அடித்துவிட்டு வேறு ஊரை ஏற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு, தன் ஊர் என்பது மட்டும்தான். படத்தில் ராணுவத் தலைமையக அறையில் ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் பேராசிரியர் குரோட்டஷெல் சாவு எண்ணிக்கையைச் சொல்லி முடித்துவிட்டு, பொருளாதாரம் நிற்க வேண்டுமானால் கம்பெனி ஆவணங்களை இடிபாட்டிலிருந்து முதலில் தோண்டியெடுக்க வேண்டும் என்று யோசனை சொல்வார். யாரும் அதட்டுவதில்லை.

ஸ்ட்ரேஞ்ச்லவ்வில் இதே கணக்கை ஜெனரல் டர்ஜிட்சன் உற்சாகமாகச் சொல்வார்: அதிகம் போனால் ஒன்றிரண்டு கோடிப் பேர்தான் சாவார்கள். நாம் சிரிக்கிறோம். சிரித்த பிறகு எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று உறைக்கிறது. நோயைக் கண்டுபிடிப்பதில் ஸ்ட்ரேஞ்ச்லவ் மேல். வாதாட வைப்பதில் ஃபெயில் சேஃப் மேல். இரண்டையும் அடுத்தடுத்துத் திரையிடுகிறவர்கள் ஃபெயில் சேஃபை முதலில் போட வேண்டும். மாற்றிப் போட்டால், அதிபராக நடித்த ஹென்றி ஃபோண்டா தொலைபேசியை எடுத்தவுடனே அரங்கில் சிரிப்பு வந்துவிடும். 1964இல் அந்தப் படத்துக்கு வசூல் தேறாததற்கும் இந்த வரிசை ஒரு காரணம்.

பிறகு என்ன

அணுப்போர் நடந்துவிட்டால் என்ன ஆகும் என்று காட்டும் 'த டே ஆஃப்டர்' (1983) அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர் பார்த்த தொலைக்காட்சிப் படம். ஒளிபரப்புக்கு முன்பே பார்த்த அன்றைய அதிபர் ரீகன், மனம் மிகவும் சோர்ந்துபோனதாக நாட்குறிப்பில் எழுதினார். தாக்கத்தில் அதுவே முதலிடம். படமாகப் பார்த்தால் பிபிசியின் 'த்ரெட்ஸ்' (1984) எங்கோ மேலே நிற்கிறது. கேமரா இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நிற்கிறது, கதை குண்டு விழுந்து 13 ஆண்டு வரை ஓடுகிறது. சோறு யாருக்கு என்பதே அங்கே சட்டம்: வேலை செய்ய முடிகிறவருக்கு அதிகப் பங்கு, முடியாதவருக்குக் குறைவு. அதை முடிவு செய்வது அடித்தளத்தில் சிக்கிய நகராட்சி ஊழியர்கள். வில்லன் என்று ஒருவரும் இல்லை.

கல்லூரித் திரையிடலுக்கு இரண்டே படம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 'கருமழை'யும் 'ஃபெயில் சேஃப்'பும். 'ஓப்பன்ஹைமரை' எல்லோரும் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். குண்டு உயரம் பேசுகிற அந்தத் துண்டை மட்டும் இடையில் போட்டுக்காட்டினால் போதும். 'த்ரெட்ஸ்' போடுவதானால் மாலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். முடிந்தபின் பேச ஒரு மணி நேரமாவது வேண்டும், பலர் முதல் பத்து நிமிடம் வாயே திறக்கமாட்டார்கள்.