படிகத்துக்குப் பின்னால் எதை ஒட்டுவது: பின் டையோடா, ஏபிடியா, எஸ்ஐபிஎம்மா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் காஸ்மிக் கதிர் ப்ராஜெக்ட் என்று இறங்கினால் முதலில் இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். துகள் பட்டால் மின்னும் படிகத்தின் ஒளியை மின் சிக்னலாக மாற்ற, பின்னால் ஓர் உணரி வேண்டும்: பின் டையோடு, ஏபிடி (அவலாஞ்ச் போட்டோடையோடு), எஸ்ஐபிஎம் (சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர்). மூன்றுமே சிலிக்கான், மூன்றுமே காந்தப்புலத்துக்கு அசையாதவை. பெரிய சோதனைகள் பல, பழைய வெற்றிடக் குழாய் வகை போட்டோமல்டிப்ளையரை விட்டு இவற்றுக்கு வந்ததற்கு அது முக்கியக் காரணம். வித்தியாசம், வந்த சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகின்றன என்பதில்தான்.

பின் டையோடு பெருக்குவதே இல்லை. என் ஓட்டு அதற்குத்தான், ஆனால் படிகம் சரியாக அமைய வேண்டும். ஜப்பானின் சுகுபாவில் நடந்த பெல் என்ற துகள் இயற்பியல் சோதனையில் தாலியம் கலந்த சீசியம் அயோடைடு படிகங்கள் 8,736. ஒவ்வொன்றும் 30 செ.மீ. நீளம், பின்புறம் இரண்டு பின் டையோடுகள். உள்ளே நுழையும் எலக்ட்ரானோ ஃபோட்டானோ கிளைகிளையாகப் பிரிந்து துகள் மழையாகி, ஒளியாக முடிகிறது. 1 எம்இவி (பத்து லட்சம் எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றலுக்குச் சுமார் 50,000 ஃபோட்டான்கள். நிறமும் சிலிக்கானுக்குப் பிடித்த பச்சை. இவ்வளவு வெளிச்சம் கிடைக்கும்போது பெருக்கம் எதற்கு?

ஜெனீவா அருகே புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி இயந்திரத்தின் சிஎம்எஸ் சோதனைக் குழுவுக்கு அந்த வசதி இல்லை. 25 நானோநொடிக்கு ஒருமுறை மோதல். அதனால் வேகமான ஈய டங்ஸ்டேட் படிகத்தை எடுத்தார்கள். அதில் வெளிச்சம் மிகக் குறைவு. பின் டையோடு வைத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: மழையில் மிஞ்சிய துகள் 300 மைக்ரான் சிலிக்கானை நேராகத் துளைத்தாலே இருபதாயிரத்துக்கு மேல் எலக்ட்ரான்கள் கிளம்பி, பொய் சிக்னல் உண்மையை மூழ்கடித்துவிடும். ஏபிடியில் அந்தத் தடிமன் 6 மைக்ரான் அளவுதான், பெருக்கமோ 50 மடங்கு. ஆகவே நடுப்பகுதியின் 61,200 படிகங்களுக்கும் தலா இரண்டு ஏபிடி.

அதற்கு விலையும் உண்டு. மின்னழுத்தம் 1 வோல்ட் நகர்ந்தால் பெருக்கம் 3 சதவீதம் மாறும். வெப்பம் 1 டிகிரி ஏறினால் 2.4 சதவீதம் குறையும். அதனால் 18 டிகிரியில், 0.05 டிகிரிகூடப் பிசகாமல் குளிரூட்டுகிறார்கள். மே மாத ராயபுரத்து மொட்டைமாடி அறையில் 5 டிகிரி ஏற மதியம் வரை காத்திருக்க வேண்டாம். ஏசி இல்லையென்றால் ஏபிடியைத் தொடாதீர்கள்.

பின் டையோடிலும் வெப்பத்தால் கசிவு மின்னோட்டமும் இரைச்சலும் கூடும். ஆனால் மாறுவதற்குப் பெருக்கமே இல்லாததால் அளவுகோல் நகராது. சிக்னல் மிகச் சிறியது என்பதால் ஃபேன் ரெகுலேட்டர், டியூப்லைட் சோக் எல்லாம் அதில் புகுந்து ஆடும். டையோடையும், அதன் சிக்னலை முதலில் பெரிதாக்கும் சார்ஜ் ப்ரீஆம்ப்பையும் ஒரே எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை கிரவுண்டில் இணையுங்கள். ஒளி வெளியே கசியாமல் இருக்கப் படிகத்துக்கு வெள்ளை டெஃப்லான் டேப்பை இடைவெளி இல்லாமல் பல சுற்று சுற்றுங்கள். சீசியம் அயோடைடு படிகம் கொஞ்சம் ஈரம் இழுக்கும். கடற்காற்று அடிக்கிற ஊர் என்பதால் வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைப்பது நல்லது.

அப்புறம் எஸ்ஐபிஎம். பத்து லட்சம் மடங்கு வரை பெருக்கம், நூறு வோல்ட்டுக்குள் வேலை, ஒற்றை ஃபோட்டானையே காட்டும். சிஎம்எஸ்ஸில் புரோட்டான் போன்ற ஹாட்ரான் துகள்களின் ஆற்றலை அளக்கும் ஹாட்ரான் கலோரிமீட்டரின் பெரும்பகுதியிலும் இப்போது இதுதான். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு நுண்கட்டமும் 'ஆம்', 'இல்லை' என்று மட்டுமே சொல்லும். வெளிச்சம் அதிகமானால் கட்டங்கள் தீர்ந்துபோகும். சீசியம் அயோடைடின் முன் அந்த ஆபத்து நிஜம். கையில் இருப்பது பிளாஸ்டிக் சின்டிலேட்டர் (படிகத்துக்குப் பதில், துகள் பட்டால் மின்னும் பிளாஸ்டிக்) என்றால் மட்டும் நான் கட்சி மாறுவேன். வெப்பத்தில் இருட்டு எண்ணிக்கை, அதாவது ஒளியே இல்லாமல் வரும் பொய்த் துடிப்புகள், எகிறும்தான். இரண்டு எஸ்ஐபிஎம் வைத்து, இரண்டும் ஒரே சமயத்தில் அடித்தால் மட்டும் கணக்கில் எடுத்தால் அதில் பெரும்பகுதி விழுந்துவிடும்.