நண்பர்களோடு பேக்பேக்கிங்: தென்கிழக்கு ஆசியாவா, ஐரோப்பாவா, ஆண்டிஸ் மலையா?

நாலு பேர் சேர்ந்து முதுகில் பையை மாட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்புவதென்று முடிவானதும் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்து விழுவது படங்கள்தான். ஒருவர் ஹா லாங் விரிகுடாவைப் போடுவார். இன்னொருவர் ஆல்ப்ஸ் மலைப் பாலத்தில் வளைந்து போகும் சிவப்பு ரயிலைப் போடுவார். மூன்றாமவருக்கு மச்சு பிச்சு. நாலாவது ஆள், "எங்க போனாலும் எனக்கு ஓகே" என்பார். இந்த நாலாவது ஆளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அவருடைய விருப்பு வெறுப்பெல்லாம் போய் இறங்கிய மூன்றாம் நாள்தான் வெளியே வரும்.

படத்தை வைத்துப் பேசினால் மூன்றுமே அழகு, வாக்குவாதம் தீராது. நான் பார்ப்பது வேறொன்று. டூர் கம்பெனி கையில் ஒப்படைக்காமல் நாமே திட்டம் போட்டுப் போகிற நீண்ட பயணத்தில், ஏதோ ஒரு கட்டத்தில் ஒருவருக்கு வயிறு கெடும், இன்னொருவருக்கு மலையேற்றம் போதும் போதும் என்றாகிவிடும், இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்கள். அந்த நேரத்தில் குழு இரண்டாகப் பிரிந்து, இரண்டு நாள் கழித்து வேறொரு ஊரில் சிரித்த முகத்தோடு சேர முடிய வேண்டும். அப்படிப் பிரிந்து சேர எந்தப் பாதை இடம் கொடுக்கிறது, அதற்கு என்ன செலவாகும்? மூன்று பாதைகளையும் இந்தக் கேள்வியோடுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

தென்கிழக்கு ஆசியா: பிரிவதும் மலிவு, சேர்வதும் மலிவு

தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா. பேக்பேக்கர்கள் பல தலைமுறையாக நடந்து தேய்த்த தடம் இது. அதனால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் மூன்று நாலு விதமாகப் போகலாம். குழுவுக்கு வேண்டியது இதுதான்.

வட தாய்லாந்திலிருந்து லாவோஸின் லுவாங் பிரபாங் நகருக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். சியாங் கோங்கில் நட்புறவுப் பாலத்தைத் தாண்டினால் லாவோஸின் ஹுவாய் சாய். அங்கிருந்து மெகாங் ஆற்றில் 'ஸ்லோ போட்' இரண்டு பகல் ஓடும். நடுவில் ஒரு ராத்திரி பாக்பெங் என்ற சின்ன ஊரில். நீளமான மரப்படகு, உள்ளே பழைய வேன்களிலிருந்து கழற்றிப் போட்ட இருக்கைகள். பின்பக்கம் இடம் கிடைத்தவர்கள் என்ஜின் சத்தத்தில் பேசவே முடியாது. முன்னால் உட்கார்ந்தவர்கள் சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார்கள். சிலருக்கு இது வாழ்நாள் அனுபவம், சிலருக்கு இரண்டு நாள் சிறைவாசம். பிடிக்காதவர் படகு ஏறவே வேண்டாம். பஸ்ஸிலோ விமானத்திலோ முன்னதாகப் போய் லுவாங் பிரபாங்கில் ஓய்வெடுக்கட்டும். அங்கிருந்து தலைநகர் வியந்தியானுக்கு 2021 டிசம்பரில் திறந்த லாவோஸ்–சீனா ரயில் பாதை இருக்கிறது; ஒரு காலத்தில் மலைச்சாலையில் நாள் முழுக்கக் குலுங்கிய தூரம் இப்போது இரண்டு மணி நேரம் சொச்சம்.

வியட்நாமில் இது இன்னும் சுலபம். ஹனோய் முதல் ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டருக்கு ஒரே ரயில் தடம், முக்கியமான ஊர்கள் பலவும் அதன் மேலேயே வரிசையாக இருக்கின்றன. ஹுவேயிலிருந்து தா நாங் சுமார் 100 கிலோமீட்டர். பைக் ஓட்டத் தெரிந்த இருவர் ஹாய் வான் கணவாய் வழியாக மலையேறி வரலாம், மற்ற இருவர் கடலை ஒட்டிப் போகும் ரயிலில் வரலாம். சாயங்காலம் தா நாங் பக்கத்திலுள்ள ஹோய் ஆனில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடலாம். ஒருத்தரும் எதையும் விட்டுக்கொடுத்ததாக நினைக்க வேண்டியதில்லை.

பைக் என்றதும் ஒரு விஷயம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு: 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி தருவது, 1968 வியன்னா உடன்படிக்கைப்படி தருவது. வியட்நாம் ஏற்பது 1968 வகையை. உங்கள் நாடு தருவது எந்த வகை என்று பாருங்கள். செல்லாத அனுமதியோடு வண்டி ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீட்டுக்காரர்கள் சாதாரணமாகக் கையை விரித்துவிடுவார்கள். வாடகைக்கு விடுகிற கடைக்காரர் உரிமம் கேட்கவில்லை என்பது எந்த விதத்திலும் சமாதானம் ஆகாது. இதைப் போலவே, லாவோஸின் வாங் வியெங் மாதிரியான ஊர்களில் இலவசமாகக் கையில் திணிக்கிற மதுவைத் தொட வேண்டாம். 2024 நவம்பரில் அங்கே மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள்.

விசாவும் பெரும்பாலும் ஆன்லைனில் முடிந்துவிடும். வியட்நாம் 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை இ-விசா தருகிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். எந்த வாசல் வழியாக நுழையப்போகிறோம் என்று விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். எல்லாத் தரைக் கடவையும் இ-விசாவை ஏற்பதில்லை. அதனால் 'லாவோஸிலிருந்து ஏதாவது பஸ் பிடித்துப் போய்விடலாம்' என்ற கதை நடக்காது. தாய்லாந்துக்கு 2025 மே முதல் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். கட்டணம் இல்லை, பணம் கேட்கிற இணையதளம் எதுவும் போலி அல்லது இடைத்தரகர்.

இந்தப் பாதையின் பழைய பெருமை, நாலு நாட்டையும் தரை வழியாகவே ஒரு வட்டம் அடித்துவிடலாம் என்பது. 2025 ஜூனில் தாய்லாந்து–கம்போடியா எல்லைத் தகராறு முற்றித் தரைவழிக் கடவைகள் மூடப்பட்டன, ஜூலையில் சண்டையே நடந்தது. ஆகவே வட்டத்தை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அன்றைய நிலவரம் பார்த்து, கம்போடியாவை வியட்நாம் பக்கமிருந்து தொடுவதா, விமானத்தில் தாண்டுவதா, விட்டுவிடுவதா என்று முடிவு செய்வது நல்லது.

போக ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி முன்பாதி வரை. அதற்குப் பிறகு வட தாய்லாந்திலும் லாவோஸிலும் காடும் வயலும் எரிக்கிற புகை சூழ்ந்துகொள்ளும். ஆஸ்துமா உள்ள நண்பர் இருந்தால் மார்ச்சில் சியாங் மாய் வேண்டவே வேண்டாம். மத்திய வியட்நாமில் மட்டும் அக்டோபர், நவம்பரில் மழை பொத்துக்கொண்டு ஊற்றும்.

ஐரோப்பா: ரயில் பாஸ் விடும், விசா விடாது

பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸ்: ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், உள்ளே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஒரே மாதத்தில் 7 நாள், இரண்டு மாதத்தில் 10 நாள் அல்லது 15 நாள் என்று பயண நாட்களாக வாங்கலாம். தொடர்ச்சியான பாஸும் உண்டு. 27 வயது வரை இளைஞர் கட்டணம், நாலில் ஒரு பங்கு குறையும்.

பிரிந்து சேர்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்று தோன்றும். ஆளுக்கொரு பாஸ் கையில் இருக்கிறது, ஆளுக்கொரு ரயில் ஏறலாம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் உண்மையிலேயே அப்படித்தான். அந்த நாடுகளின் பெரும்பாலான பகல் ரயில்களுக்கு முன்பதிவு கட்டாயமில்லை. காலையில் எழுந்து மனசு மாறினால் வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, இத்தாலியின் அதிவேக ரயில்கள் விஷயம் வேறு. பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்தே ஆக வேண்டும். லண்டனுக்குப் போகும் யூரோஸ்டார் ரயிலில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் குறைவு. பாரிஸ்–பார்சிலோனா–ரோம் என்று ஆசைப்படுகிற குழு ரயில் பாஸ் வாங்கினால், சுதந்திரத்துக்கும் பணம் கட்டி, அதை முன்பதிவில் தொலைக்கவும் பணம் கட்டும். அந்த ஊர்கள்தான் வேண்டும் என்றால் பாஸை விட்டுவிட்டு, சீக்கிரமே தனித்தனி டிக்கெட் வாங்குவது மேல். பாஸ் என்றால் மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, சூரிச் பக்கம்.

நாலு பேர் குழுவுக்கு ஐரோப்பா தருகிற ஒரு தனி சுகம் இரவு ரயில். ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் நாலு படுக்கை கூஷெட் அறை உண்டு. நாலும் நீங்களே எடுத்துக்கொண்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாம், ஒரு ராத்திரி ஹாஸ்டல் செலவும் மிச்சம். படுக்கைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஆனால் பாஸில் ஏறிய நாள் மட்டுமே கழியும், இறங்குகிற நாள் கணக்கில் வராது.

ஷெங்கன் விசாதான், அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தருகிற ஒரே விசாதான், இடிக்கும். விசா தேவைப்படுகிற பாஸ்போர்ட் குழுவில் ஒன்று இருந்தாலும் மொத்தத் திட்டமும் அதன் வேகத்துக்கு வந்துவிடும். அதிக நாள் தங்குகிற நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழைகிற நாடு. தங்குமிடச் சான்று, பயணத் திட்டம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, 90 யூரோ கட்டணம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நாலு பேரும் ஒன்றாக விண்ணப்பித்தாலும் முடிவு ஆளாளுக்குத் தனி. மூன்று பேருக்குக் கிடைத்து ஒருவருக்கு மறுத்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். கடைசி முடிவு வரும் வரை பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்கக் கூடாது.

பாஸையும் விசாவையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இன்னொரு சிக்கல். யூரெயில் பிரிட்டனிலும் செர்பியாவிலும் துருக்கியிலும் செல்லும். அவை ஷெங்கனுக்கு வெளியே. ஒற்றை நுழைவு விசாவோடு செர்பியாவின் பெல்கிரேடு வரை ஆசையாகப் போய்விட்டால் வியன்னாவுக்குத் திரும்ப முடியாது, அங்கிருந்தே வீடு திரும்ப வேண்டியதுதான். விசா தேவையில்லாதவர்களுக்கும் எந்த 180 நாளிலும் 90 நாள் என்ற கணக்கு இருக்கிறது.

செலவில் ஐரோப்பா எங்கே அடிக்கும் என்றால் படுக்கையில். திடீரென்று பிரிந்தால் ரயில் தயார், ஆனால் கோடைகாலத்தில் அன்றைக்கு அன்று ஹாஸ்டல் தேடுகிறவருக்குப் பர்ஸ் காலியாகும். மே அல்லது செப்டம்பர் என்றால் மூச்சு விடலாம்.

ஆண்டிஸ்: மலை யாரையும் கேட்டுப் பிரிக்காது

பெரு, பொலிவியா, அங்கிருந்து சிலி. மூன்று பாதைகளிலும் மனதை அதிகம் ஆட்டுவது இதுதான் என்பது என் கட்சி. புதிதாகச் சேர்ந்த நண்பர் குழுவுக்கு நான் பரிந்துரைக்காததும் இதுதான்.

பெருவின் தலைநகர் லிமா கடல் மட்டத்தில். மச்சு பிச்சு போகிறவர்கள் இறங்குகிற குஸ்கோ சுமார் 3,400 மீட்டர். விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. உயரத்தில் காற்று மெல்லியதாக இருப்பதால், இறங்கிய அன்றே ஒருவருக்கு மண்டையைப் பிளக்கும், இன்னொருவர் ஓடி ஆடுவார். இதற்கும் உடற்பயிற்சிக்கும் சம்பந்தமில்லை. ஜிம்மே கதி என்று கிடப்பவர் படுத்துவிடுவார், சோம்பேறி நண்பர் ஜம்மென்று நடப்பார். 3,000 மீட்டருக்கு மேல் தூங்குகிற உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. குஸ்கோவில் இறங்கியதும் நேராக 2,800 மீட்டர் உயரமுள்ள ஒயாந்தாய்தாம்போவுக்குக் கீழே இறங்கித் தங்கிவிட்டு, பிறகு குஸ்கோவுக்கு ஏறலாம். இல்லையென்றால் லிமாவிலிருந்து அரெகிபா வழியாக மெதுவாக வரலாம். முன்தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். தலைவலி முற்றி நடை தள்ளாடினால் உடனே கீழே இறங்க வேண்டும், அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. அதாவது இங்கே பிரிவு நம் இஷ்டம் இல்லை. நடந்தால் குறைந்தது இரண்டு பேருக்காவது திட்டம் கெடும்.

திட்டமும் வளைந்து கொடுக்காது. மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் இன்கா தடத்தில் ஒரு நாளைக்கு 500 பேர்தான், சுமைதூக்குபவர்களும் வழிகாட்டிகளும் அதில் அடக்கம். பிப்ரவரி முழுக்க மூடிவிடுவார்கள். உரிமம் பெற்ற நிறுவனம் மூலமாகத்தான் போக முடியும், அனுமதிச் சீட்டு பாஸ்போர்ட் எண்ணோடு வரும், வேறொருவர் பேருக்கு மாற்ற முடியாது. மாதக்கணக்கில் முன்னதாகப் பணம் கட்டிய பிறகு 'எனக்கு லீவு கிடைக்கல' என்று ஒருவர் சொன்னால் அந்தப் பணம் போனதுதான். சுயமாகப் போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லாத சல்கந்தாய் பாதை தோதானது.

பொலிவியாவில் சாலை மறியல் அடிக்கடி நடக்கும். நாள் கணக்கில் பஸ் ஓடாது. திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு மூன்று நாள் சும்மா விட்டுவைக்காமல் இந்தப் பக்கம் திட்டம் போடவே கூடாது.

ஒரு இடத்தில் மட்டும் ஆண்டிஸ் குழுவுக்குச் சாதகம்: பொலிவியாவில் 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த உயூனி உப்புவெளி. மூன்று நாள் ஜீப் பயணத்தில் வழக்கமாக வண்டிக்கு ஆறு பயணிகள். ஐந்தாறு நண்பர்கள் என்றால் வண்டியே உங்களுடையது. எங்கே நிறுத்துவது, என்ன பாட்டு போடுவது எல்லாம் உங்கள் ராஜ்ஜியம். கடைசியில் சிலியின் சான் பெட்ரோ டி அட்டகாமாவில் இறக்கிவிடச் சொல்லலாம். வழியில் 4,800 மீட்டரைத் தாண்டுவீர்கள். பல காப்பீடுகளில் உயர வரம்பு இருக்கும், அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆள் கணக்கும் காசுக் கணக்கும்

மூன்று பாதைக்கும் பொருந்துகிற எண் நாலு. டாக்ஸி, கூஷெட், இரண்டு இருவர் அறை எல்லாம் நாலுக்கு அமையும். ஐந்து என்றால் எங்கும் இரண்டாவது டாக்ஸி. மூன்று என்றால் ஒருவர் எப்போதும் தனியாக உட்காருவார்.

காசு விஷயத்தில் பொதுப் பணப்பை தென்கிழக்கு ஆசியாவில் நன்றாக ஓடும். அங்கே ரொக்கம்தான் அதிகம். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள், ஒருவர் மொத்தமாக எடுத்துப் பங்கிட்டால் மிச்சம். ஐரோப்பாவில் எல்லோரும் அட்டை தேய்ப்பதால் ஸ்ப்ளிட்வைஸ் மாதிரி செலவைப் பங்கு போடுகிற செயலி போதும்.

அப்படியானால் எதற்கு என் ஓட்டு?

முதல்முறை சேர்ந்து போகிற, குணம் ஒத்துப்போகுமா என்று தெரியாத குழுவுக்குத் தென்கிழக்கு ஆசியா. மூன்று வாரமே லீவு, விசாப் பிரச்சினை இல்லை, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது என்றால் மத்திய ஐரோப்பா, பாஸோடு. ஆண்டிஸ், ஏற்கெனவே ஒருமுறை ஒன்றாகச் சுற்றி, சண்டை போட்டு, சமாதானமும் ஆனவர்களுக்கு. அதுவும் மே முதல் செப்டம்பர் வரையான வறண்ட காலத்தில்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேலையைச் செய்கிற வரிசை ஒன்றுதான். நாலு பாஸ்போர்ட்டிலும் காலாவதித் தேதியைப் பாருங்கள், ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் முதலில் புதுப்பியுங்கள். விசா தேவையுள்ளவருக்கு விசா. பிறகு காப்பீடு (ஷெங்கன் என்றால் விண்ணப்பிக்கும்போதே அது வேண்டும்), பிறகு போகவர விமானம், இறங்குகிற ஊரில் முதல் இரண்டு ராத்திரிக்கு மட்டும் அறை. ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று முழுக்கத் தேவை என்றால் இலவசமாக ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகப் பாருங்கள். மீதி ராத்திரிகளை அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம். அந்த 'எங்க போனாலும் ஓகே' நண்பரிடம் மட்டும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.