விளக்குத்தூண் கூழ் வண்டி: சொம்பு 30 ரூபாய்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷன் எனக்கு. வேலையே நிற்பதுதான். ஊழியர்கள் உட்கார இருக்கை தரணும் என்று 2021-ல் சட்டம் வந்தது. எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. தீபாவளி சீசனில் அதில் புடவைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கும்.

போன வருஷம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் அலுப்பு போகவில்லை. டெஸ்ட் எடுத்தால் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் கீழே இறங்கினாலே ரத்தசோகையாம். டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிட்டு, “காலையில என்னம்மா சாப்பிடுற?” என்றார். டீயும் பன்னும். பதினோரு மணிக்கு? இன்னொரு டீ. “மாத்திரையையும் டீயிலதான் முழுங்குவியா?” ஆமாம் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். டீயின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாதாம். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது என்றார்.

அப்படித்தான் பதினோரு மணி டீ போய், சந்து முனைக் கூழ் வண்டி வந்தது.

வண்டிக்கார அக்கா முதல் நாளே கம்பைக் குருணையாக உடைத்துக் காய்ச்சி, ராத்திரி புளிக்க விட்டு உருண்டையாகக் கொண்டுவருகிறார். நாம் கேட்டதும் ஓர் உருண்டையைச் சொம்பில் போட்டு, மோர் ஊற்றி, உப்புப் போட்டு, கையாலேயே கரைப்பார். கட்டி தட்டாது, அதே சமயம் குருணை பல்லில் அகப்படும். மிக்ஸியில் அடித்துக் கொடுக்கும் வண்டிகளில் இந்தச் சுகம் கிடையாது. தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல். ஐந்து ரூபாய் கூடக் கொடுத்தால் உப்புத் தண்ணீரில் ஊறிய நெல்லிக்காய். அதை விடாதீர்கள். கம்பில் இரும்பு உண்டு, 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் தானியத்து இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது. புளிக்க வைப்பதும் நெல்லிக்காயின் வைட்டமின் சி-யும் அதற்குக் கொஞ்சம் கை கொடுக்கும்.

வண்டியில் ‘ரத்தம் ஊறும், சுகர் குறையும்’ என்று போர்டு தொங்குகிறது. அக்காவிடமே சொல்லிவிட்டேன், சுகர்க்காரர்கள் அதை நம்பி ரெண்டு சொம்பு குடித்துவிடப் போகிறார்கள் என்று. கம்பும் மாவுச்சத்துதானே. “போர்டு எழுதினவன் போட்டான், நான் என்ன பண்ண” என்று சிரித்தார். மூன்று மாசத்தில் எனக்கு ஹீமோகுளோபின் 11.2 வந்ததற்கு முழுப் புண்ணியமும் கூழுக்கு இல்லை. மாத்திரைக்குத்தான் பெரும்பங்கு. ஆனால் மூன்று மணிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வருமே, அது கூழ் குடிக்க ஆரம்பித்த இரண்டாவது வாரமே நின்றது. அதுவரை பன்னை நம்பி மத்தியானச் சாப்பாடு வரை ஓட்டியிருக்கிறேன், வேறென்ன.

குறை இல்லாமல் இல்லை. சொம்புகளை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார். நான் வீட்டிலிருந்து சொம்பு கொண்டுபோகிறேன், அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. ஐஸ் வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடணும். மழை பெய்தால் வண்டி வராது. பதினொன்றரை தாண்டினால் பானையில் அடிக்கூழ்தான், தண்ணியாக இருக்கும்.

கருவாடு தனியாகப் பத்து ரூபாய், நெருப்பில் சுட்டது. ருசி பிரமாதம். ஆனால் நன்றாக வாய் கொப்பளித்துவிட்டு கவுண்டருக்குப் போங்கள். ஒருமுறை நான் பட்டுப்புடவை விரித்துக் காட்டும்போது கஸ்டமரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்.