கரண்ட் வைக்க எந்த வேளை நல்லது? காலை, பிற்பகல், மாலை, இரவு: ஓர் ஒப்பீடு

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் வலது தொடை சூம்பிப்போயிருந்தது. தசைத் தூண்டல் கருவியை வாங்கி வீட்டிலேயே கரண்ட் வைத்துக்கொள்ளச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். தினமும் காலை ஆறரைக்கு, கருவியின் மின்சாரத்தைத் தோலுக்குக் கடத்தும் பட்டைகளைத் தொடையில் ஒட்டிக்கொண்டு காலை நீட்டிப் படுப்பேன். கருவியில் மின்னோட்ட அளவு 24. தொடையில் ஈ உட்கார்ந்ததுபோல ஒரு துடிப்பு, அவ்வளவுதான். ஒருநாள் காலையில் நேரம் வாய்க்காமல் மாலை ஐந்தரைக்கு அதே 24-ஐ வைத்தேன். முழங்கால் சில்லு விறுக்கென்று மேலே ஏறியது. குதிகால் படுக்கையை விட்டு எழும்பியது. கருவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய் அணைத்துவிட்டேன்.

பட்டை அரை விரல் தள்ளி ஒட்டினாலே துடிப்பு மாறும். ஆகவே பேனாவால் தோலில் குறி போட்டுக்கொண்டு, இரு வேளையும் ஒரே இடத்தில் ஒட்டி ஒரு வாரம் பார்த்தேன். வித்தியாசம் குறைந்தது, மறையவில்லை.

காரணம் உடம்பின் சூட்டில் இருக்கிறது. உடலின் உள்வெப்பம் விடிவதற்கு முன், நான்கு ஐந்து மணி அளவில், மிகவும் தாழ்ந்திருக்கும். பிறகு மெல்ல ஏறி, மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் உச்சத்தைத் தொடும். ஏற்ற இறக்கம் மொத்தமே அரை முதல் ஒரு டிகிரி செல்சியஸ்தான். ஆனால் தசைக்கு அது பெரிய தொகை. சூடான தசை வேகமாகச் சுருங்கும், வேகமாகத் தளரும். மாலையில் தசை வலிமை காலையைவிடப் பெரும்பாலும் 5 முதல் 10 விழுக்காடு வரை கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் அளந்திருக்கின்றன. ‘காலையில் மனம் ஒத்துழைப்பதில்லை, சோம்பல்’ என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. மூளையை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தால் மட்டும் தசையைச் சுருக்கிப் பார்த்த சோதனையிலும் மாலைதான் முந்தியது. மாறுவது தசையேதான். காலையில் தோலும் குளிர்ந்து, உலர்ந்து கிடக்கும். அந்தத் தோலில் மின்னோட்டம் சுருக்கென்று குத்துவதால் அளவைக் கூட்டவும் கை வராது.

ஆக, தசையை வலுப்படுத்துவதற்கு என்றால் மாலை முந்துகிறது. அதற்காகக் காலையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. வாரக்கணக்கில் காலையிலேயே பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. தசை தன் நேரத்தைக் கற்றுக்கொள்கிறது. மாலையில் வேலை முடிந்து எப்போது வீடு திரும்புவோம் என்றே தெரியாதவர்களுக்கு, தவறாமல் நடக்கும் காலை அமர்வு தவறிக்கொண்டே இருக்கும் மாலை அமர்வைவிடப் பல மடங்கு மேல். ஒன்று மட்டும்: காலையில் வைப்பதானால் முதலில் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, அல்லது வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தோலை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். என் 24 அதன் பிறகு காலையிலும் ஓரளவு வேலை செய்தது.

அம்மாவின் கணக்கு முற்றிலும் வேறு. அவருக்கு வேண்டியது வலிமையல்ல. கால் வீக்கம் வடிய வேண்டும். காலையில் கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். மாலையில் காலுறையைக் கழற்றினால், நூல் கட்டி இறுக்கியதுபோல் சுற்றிலும் ஒரு பள்ளம். அவர் இரவு படுக்கப்போகும்போது கருவியை வைத்துக்கொண்டிருந்தார். வீக்கம் அதிகமாக இருக்கும் நேரத்தில்தானே மருந்து என்பது அவர் வாதம்.

நான் இதில் எதிர்க்கட்சி. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில்) அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்கத் தொடங்கினால் கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைத் திரும்பி இறங்கவிடாது. அழுத்தம் 30-ஐ ஒட்டி இறங்கிவிடும். நொடிக்கு ஒன்று முதல் பத்து துடிப்பு வரை தரும் மெதுவான தூண்டல் செய்வது இந்த வேலையைத்தான். தசையை வளர்க்க வைக்கும் 35, 50 துடிப்பு அமைப்பு வேறு. அதைக் காலில் வைத்துக்கொண்டு வீக்கம் வடியவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. படுத்துவிட்டால் ஈர்ப்புவிசையின் சுமை போய்விடுகிறது; நீர் தானாகவே மேலேறுகிறது. அந்த நேரத்தில் கருவி செய்வது, தள்ளாமலே ஓடும் வண்டியைத் தள்ளுவது. பம்பு தேவைப்படுவது நாற்காலியில் மூன்று நான்கு மணி நேரம் தொங்கிய கால்களுக்கு. எனவே என் ஓட்டு பிற்பகலுக்கு: நீர் தேங்கத் தொடங்கியிருக்கும், இன்னும் இறுகியிருக்காது. எழுந்து நடக்க முடிந்தால் அதுவே கருவியைவிட மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘இரவெல்லாம் படுத்திருந்ததால் இரத்தம் மந்தமாகிவிடும், விடிந்ததும் கரண்ட் வைத்தால் சுறுசுறுப்பாகும்’ என்றும் சிலர் சொல்கிறார்கள். விழித்து எழும்போது இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையும் கூடுகிறது. மாரடைப்பு காலை ஆறிலிருந்து நண்பகலுக்குள் அதிகம் என்பது பழைய செய்தி. கெண்டைக்காலைத் துடிக்கவைப்பது இதற்கு வைத்தியம் ஆகாது.

இரவு வேளைக்கு ஒரே ஒரு சாதகம்: வேறு வேலை இருக்காது. ஆனால் தூக்கம் வருவதற்கு முன் கை கால்களின் இரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளங்கால் சூடாகி, உள்வெப்பம் இறங்க வேண்டும். அந்த நேரத்தில் வலுவாக உதறும் தூண்டல் எரிச்சலைத்தான் தரும். மெல்லிய அளவு, படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பு என்றால் பரவாயில்லை. பட்டையோடு தூங்கிப்போவது கூடாது; நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குத் தோல் புண்ணாவதுகூடத் தெரியாது.

இதய பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வேளையிலும் தொட வேண்டாம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் அது சிரைக்குள் இரத்தக்கட்டாக இருக்கலாம். அப்போது கருவியை எடுத்து வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது வீட்டில் ஒரே கருவி, இரண்டு ஜோடிப் பட்டைகள். மூன்று மணிக்கு அம்மா, ஐந்தரைக்கு நான். அவர் முடித்ததும் சார்ஜ் போட மறந்துவிடுவதால், என் உச்ச நேரம் பல நாள் ஏழு மணிக்குத் தள்ளிப்போகிறது.