பழைய டிராக்டர் கலப்பை: புது பெயிண்டா, துருவா?

ஒரே மாதிரியான இரண்டு பழைய இறக்கைக் கலப்பைகள் (இறக்கை என்கிற வளைந்த தகட்டால் மண்ணைப் புரட்டிப் போடுபவை) விலைக்கு இருக்கின்றன, ஒன்று புது பெயிண்டில் பளபளக்கிறது, இன்னொன்று முழுக்கத் துரு என்றால், நான் முதலில் துருப்பிடித்ததைத்தான் புரட்டிப் பார்ப்பேன். துரு விரிசலை அவ்வளவாக மறைக்காது. பெயிண்ட் மறைக்கும், சட்டத்தில் விரிசல் விட்ட இடத்தில் வெல்டிங் வைத்து மேலே இரண்டு கோட்டு அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

மண்ணை வெட்டும் கொழு தேய்ந்திருந்தால் பரவாயில்லை, அது மாற்றுகிற பாகம்தான், ஆனால் அந்த மாடலுக்கு இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். சட்டம் வளைந்திருந்தால்தான் வம்பு. கொழு முனைகளை ஒட்டி ஒரு நூலைப் பிடியுங்கள், எல்லா முனையும் நூலில் தொட வேண்டும், ஒன்று விலகினாலும் சட்டமோ, கொழுவைத் தாங்கும் கொழுக்காலோ வளைந்திருக்கலாம்.

துருக் கலப்பையில் நகத்தால் இறக்கையைத் தடவிப் பாருங்கள். மேல்துரு மட்டும் என்றால் நாலு சால் ஓட்டினாலே மினுங்கிவிடும். குழிகுழியாக அரித்திருந்தால் ஈரமண் ஒட்டிக்கொண்டே வரும், அப்படியானால் பெயிண்ட் அடித்ததே தேவலை. அப்புறம் கலப்பையை டிராக்டரில் மாட்டும் இணைப்புப் பின் (pin): கீழ்ப்பின் 22 மி.மீ. தடிமன் என்றால் முதல் வகை (Category 1) இணைப்பு, 28 என்றால் இரண்டாம் வகை (Category 2), உங்கள் டிராக்டருக்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.